வரவேற்பு மைல்கள்: வரவா, செலவா?

பத்துப் பெட்டி சோப்புக்கு ஒரு பெட்டி இலவசம் என்று சேல்ஸ்மேன் வந்தால், அடக்க விலை போட்டுப் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. விமானக் கம்பெனியோடு சேர்ந்து வங்கி தரும் கிரெடிட் கார்டுக்கும் அதே கணக்குதான்.

உதாரணமாக, ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய். வரவேற்பாக 10,000 மைல்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் நம் கையிலிருந்து போவது 5,900. அந்த மைல்களுக்கு 6,000 ரூபாய் டிக்கெட் கிடைத்தாலும், வரி, விமான நிலையக் கட்டணம் என்று 1,000 ரூபாயை நாம்தான் கட்ட வேண்டும். ஆக, மைல்களின் மதிப்பு 5,000. ஒரு மைலுக்கு 50 காசு. முடிவில் 900 ரூபாய் நஷ்டம்.

மூன்று மாதத்தில் ஒரு லட்சம் செலவழித்தால்தான் மைல் என்ற நிபந்தனையும் இருக்கலாம். அதற்காக ஓடாத சரக்கை வாங்கிப் போடக் கூடாது. பாக்கி நின்றால் பல கார்டுகளில் மாத வட்டியே சுமார் 3.5 சதவீதம், லட்சத்துக்கு 3,500 ரூபாய்!

சேர்ந்த மைல்களை வருடக்கணக்கில் இருப்பு வைப்பதும் சரியல்ல. காலாவதித் தேதி உண்டு. கம்பெனியே மாறிப் போவதும் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது.

எப்படியும் போக வேண்டிய பயணம், எப்படியும் ஆகும் செலவு, கெடு தவறாமல் முழுப் பணமும் கட்டும் பழக்கம், இம்மூன்றும் இருந்தால் கணக்குப் போட்டு வாங்குவோம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.