படம் காட்டுவது பலகையா?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சீட்டுக் காசு சேர்த்துப் பிள்ளையின் படிப்புக்கு மேசைக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர், "தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், மதர்போர்டிலேயே இருக்கிறது" என்பார். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் விளங்கிக்கொண்டு வாங்குங்கள்.

1999இல் வந்த இன்டெல் 810 போன்ற சிப்செட்களில், படம் காட்டும் பகுதி பலகையிலேயே இருந்தது. 2010க்குப் பின் அது புரொசஸருக்குள் போய்விட்டது. ஆகவே பலகையின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் மட்டும் போதாது. இன்டெல் 12400 என்றால் அப்பகுதி உண்டு. 12400எஃப் என்றால் இல்லை. தனி கார்டு போடாவிட்டால் திரை இருண்டே கிடக்கும்.

இன்னொன்று, இதற்கெனத் தனி நினைவகம் கிடையாது. ரேமிலிருந்தே கடன் வாங்கும். எனவே 8 ஜி.பி.யாவது இருக்கட்டும். அதையும் 4, 4 என இரண்டாகப் போட்டால் படத்தின் வேகம் கூடும். இணைய வகுப்புக்கும் எழுத்து வேலைக்கும் இது தாராளம். பெரிய விளையாட்டுகளுக்குப் போதாது.

பாவித்த பலகையானால், அதிலுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் மலைநாட்டு மூடுபனியின் ஈரம் பலகைக்கு ஆகாது. ஈரச் சுவரோரம் வைக்காதீர்கள்.

காசை எண்ணிக் கொடுக்குமுன், கடையிலேயே இயக்கச் சொல்லுங்கள். தனி கார்டு இல்லாமல் திரையில் படம் வருவதைக் கண்ணால் கண்டு, உத்தரவாதச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.