எஞ்சின் விடும் மூச்சில் எண்ணெய்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, அதனுள் நொடிக்கு 200 முறை எரிபொருள் பற்றி எரிகிறது. ஒவ்வொரு முறையும் பிஸ்டனின் தலையை அழுத்தும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் ஐம்பது மடங்கையும் தாண்டும். அந்த வாயுவைக் கீழே இறங்கவிடாமல் காப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய ரிங்குகள். சூட்டில் விரிய இடம் வேண்டுமே என்று, ஒவ்வொரு ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த வழியே கொஞ்சம் வாயு, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் நழுவத்தான் செய்யும். இதை முழுமையாக அடைக்க யாராலும் முடிந்ததில்லை.

மெக்கானிக்குகள் ‘ப்ளோ-பை’ என்று சொல்வது இந்த வாயுவைத்தான். கீழே கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயைச் சிதறடித்துக்கொண்டு சுழல்கிறது. வாயு அந்த எண்ணெய்ச் சாரலையும் நீராவியையும் எரியாத பெட்ரோலையும் சேர்த்துக்கொண்டு வெளியேற வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்கள் கசியத் தொடங்கிவிடும்.

பழைய கார்களில் ஒரு குழாய் இதை நேரே சாலையில் விட்டது. லாஸ் ஏஞ்சலஸ் மக்களின் கண்ணை எரித்த புகைமூட்டம், வாகனங்களும் ஆலைகளும் விடும், எரியாத பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பன்கள் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து உண்டாவது என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். 1961-இல் கலிஃபோர்னியா, கிராங்க் கேஸ் வாயுவை எஞ்சினே திரும்ப உள்ளிழுத்து எரிக்கும் பி.சி.வி. ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கக் கார்களுக்கு வந்த முதல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி அதுதான்.

காற்றுக்கு நல்லது நடந்தது. ஆனால் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே சுவாசிக்க வேண்டியதாயிற்று. பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் பீய்ச்சப்பட்ட காலத்தில், படியும் எண்ணெயை அந்தப் பெட்ரோலே கழுவிவிட்டது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்றைய ஜி.டி.ஐ. எஞ்சின்களில் அந்தக் கழுவல் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாயின் 1.0 டர்போ கார்களும் இந்த வகைதான். எண்ணெய் வால்வின் முதுகில் படிந்து, வெந்து, கரிப்பொருக்காக இறுகுகிறது. அதைச் சுரண்ட வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சியடிப்பார்கள். ஓடு கரியை உடைக்கும், உலோகத்தைக் கீறாது. பந்தய வேகத்தில் ஓட்டுபவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றோடு கலந்த எண்ணெய் பெட்ரோலின் ஆக்டேன் தரத்தைக் குறைத்து, எரிபொருள் தானாகப் பற்றி வெடிக்கும் நாக்கிங்கைக் கூட்டும்.

இந்த எண்ணெயை வழியில் மறித்துப் பிடிப்பதுதான் ஆயில் கேட்ச் கேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஹோஸ் செருகிய அலுமினிய டப்பா. எனக்கு வியப்பெல்லாம் அதன் உள்ளே நடப்பதில்தான். டவுன் பஸ் சட்டென்று திரும்பும்போது நிற்பவர்கள் பக்கச்சுவரில் போய் மோதுவதைப் போல, வாயு தடுப்புத் தகட்டைச் சுற்றி வளையும்போது எண்ணெய்த் துளி வளைய முடியாமல் தகட்டில் மோதி ஒட்டிக்கொள்கிறது. ஆனால் துளியின் குறுக்களவு பாதியானால் இந்த மோதும் போக்கு கால்வாசியாகிவிடும். கிராங்க் ஷாஃப்ட் சிதறடிக்கும் பெரிய துளிகளை வெறும் டப்பாவே பிடித்துவிடும். சூடான பிஸ்டன் சுவரில் ஆவியாகி மீண்டும் குளிர்ந்து பிறக்கும் துளிகளோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு, தலைமுடியின் பருமனில் மிகச் சிறு பங்கு. அவை வாயுவோடு சேர்ந்தே வளைந்து தப்பிவிடும். அவற்றைப் பிடிக்க நுண்ணிய எஃகுக் கம்பி வலை வேண்டும். துளிகள் கம்பியில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கனத்தில் அடியில் சொட்டும்.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பது. தடுப்பும் வலையும் இல்லாத டப்பாவை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஒதுக்குங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து ஒப்பேற்றவே கூடாது. அது நைந்து, துணுக்குகள் எஞ்சினுக்குள் போகும். வலை அளவுக்கு மீறி நெருக்கமாக இருந்தாலும் கேடுதான், கிராங்க் கேஸில் அழுத்தம் தங்கும். ஹோஸ் கம்பெனி ஹோஸைவிடக் குறுகலாக இருக்கக்கூடாது. உள்பூச்சு இல்லாத சாதாரண சிலிக்கான் ஹோஸ் வழியே எண்ணெய் வியர்த்துக் கசியும், எண்ணெய் தாங்கும் ரப்பரே நல்லது. எக்ஸாஸ்ட் பக்கம் மாட்டினால் ஆவி குளிராமலே கடந்துபோகும், காற்று படும் இடமாகப் பார்க்க வேண்டும்.

டர்போ காரில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மெதுவாகப் போகும்போது வாயு பி.சி.வி. வால்வு வழியே இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். டர்போ அழுத்தம் ஏறியதும் அந்த வால்வு மூடிக்கொள்ளும், வாயு இன்னொரு குழாய் வழியே டர்போவின் வாய்க்குப் போகும். எண்ணெய் அதிகம் கிளம்புவதோ அப்போதுதான். முதல் குழாயில் மட்டும் கேன் மாட்டினால், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் எண்ணெய் தேங்குவது நிற்காது.

கேன் எவ்வளவு பெரியது வேண்டும் என்பது ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. அன்றாடச் சாலைக்கு அரை லிட்டர் தாராளம். பந்தயத்துக்குப் போதாது. 1989-இல் வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆரின் ஆர்.பி.26 எஞ்சினைப் பாருங்கள். இரட்டை டர்போவுடன் 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர். பந்தயத் தடத்தில் விடாமல் உச்சச் சுற்றில் ஓட்டினால், மேலே சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறிய எண்ணெய் இறங்க வேண்டிய அதே துளைகளின் வழியே ப்ளோ-பை வாயு மேலேறி வந்து மறிக்கும். எண்ணெய் ஹெட்டிலேயே தேங்கி, மூச்சுக் குழாய் வழியே கேனை நிரப்பிவிடும். கேனுக்குப் போன ஒவ்வொரு லிட்டரும், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் குறைந்த லிட்டர், அது பேரிங்கைத் தின்றுவிடும். இங்கே தேவை எண்ணெயைச் சம்ப்புக்கே திருப்பி அனுப்பும் கேன். கூடவே ஹெட்டிலிருந்து தனி வடிகுழாயும் போடுவார்கள். தடத்தில் எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவருக்கு ஆபத்து என்பதால், கிராங்க் கேஸைத் திறந்துவிட்ட பந்தயக் கார்களுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியே உண்டு: 2,000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் குறைந்தது 3 லிட்டர் கேன்.

சாலையில் ஓடும் காரில் கேனுக்கு மேல் சின்ன ஃபில்டரைச் செருகி வாயுவை வெளியே விடாதீர்கள். அது இங்கே மாசு விதிகளுக்கு எதிரானது, காருக்குள் நாற்றமும் ஏறும். ஆயில் மாற்றும்போதெல்லாம் கேனையும் வடித்துப் பாருங்கள். வழக்கத்தைவிட அதிகமாக நிறைந்திருந்தால் ரிங்குகள் தேயத் தொடங்கியிருக்கலாம், கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வாங்கப் போகும் கடையில் கேனின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்து காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.