நற்கருணை: கிறிஸ்தவரின் திருவிருந்து

திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்குச் சமயம் சார்ந்த உணவு புதிதன்று. தர்காக்களின் கந்தூரிச் சோற்றைப் பிற சமயத்தாரும் விரும்பிப் பெறுகின்றனர். காவிரிக்கு அக்கரையில், திருவரங்கக் கோயிலின் துலுக்க நாச்சியார் சன்னிதியில் கோதுமை ரொட்டியே நிவேதனம். ஆனால் லூர்து அன்னை ஆலயத் திருப்பலியில் குருவானவர் வழங்கும் மெல்லிய வெள்ளை அப்பம், உடன் சென்ற முஸ்லிம் நண்பருக்கு நீட்டப்படுவதில்லை. இதைப் புறக்கணிப்பு என்று எண்ணி மனம் வருந்தியோரை நாம் அறிவோம். அவ்வப்பத்தின் பொருள் விளங்கினால் அவ்வருத்தத்துக்கு இடமில்லை.

அது பிரசாதமுமன்று, நேர்ச்சையுமன்று. சிலுவைக்கு முந்திய இரவில் இயேசு அப்பத்தைத் தம் உடலென்றும் திராட்சை இரசத்தைத் தம் இரத்தமென்றும் கூறிச் சீடர்களுக்கு அளித்தார் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. அதை உண்பவர், அவருடைய மரணம் தமக்கான பலி என்று அறிக்கையிடுகிறார். அந்நம்பிக்கை இல்லாதவரை உண்ணச் செய்வது, நம்பாத ஒருவரைக் கலிமா சொல்லச் செய்வதை ஒக்கும்.

அப்பம் எவ்வாறு உடலாகும்? தோற்றமும் சுவையும் மாறாதிருக்க, உட்பொருள் முழுதும் மாறிவிடுகிறது என்று கத்தோலிக்கர் கூறுவர். திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் இதனை உறுதிசெய்தது. எஞ்சிய அப்பத்தைப் பேழையில் வைத்து விளக்கேற்றி வணங்குவதும் இதனாலேயே. அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடு கிறிஸ்துவின் உடலும் உண்மையாகவே உள்ளது என்பார் லூத்தர். நினைவுச் சின்னமே என்றார் சுவிங்கிலி. 1529இல் மார்பர்க்கில் சந்தித்தும் இவ்விருவரும் இதில் உடன்படவில்லை.

தமிழகத்திலோ வழக்கு வேறொன்றாயிற்று. சோழநாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் சாதியார் தனித்தனியே அமர்ந்து, தனித்தனியே திருவிருந்துக்கு வந்தனர். 1826இல் திருச்சியில் மறைந்து இங்கேயே அடக்கமான பேராயர் ஹீபர் இவ்வழக்கத்தைப் பொறுமையுடன் அணுக விரும்பினார். பின்வந்த பேராயர் வில்சனோ 1833இல் சாதி வேறுபாட்டை உடனே கைவிடுமாறு கட்டளையிட்டார். ஒரே கிண்ணத்தில் பருக மனமின்றிப் பலர் சபையை விட்டே அகன்றனர். உட்பொருள் பற்றிய ஐரோப்பிய வாதங்கள் இவர்களைப் பிரிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் யார் என்பதே பிரித்தது. சஹனைச் சுற்றிக் கூடி உண்ணும் நாமும், நம் ஊர்களின் எல்லாச் சஹன்களிலும் எல்லாரும் அமர்ந்துவிட்டனர் என்று சொல்லத் துணியோம்.

ஈசா நபி (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது குர்ஆனின் கூற்று (4:157). ஆகவே அப்பலியில் நமக்குப் பங்கில்லை. எனினும் ஒரு விருந்தின் செய்தி நம்மிடமும் உண்டு. வானத்திலிருந்து உணவுத் தட்டை இறக்கித் தருமாறு சீடர்கள் வேண்டியதும், அது முன்னோர்க்கும் பின்னோர்க்கும் ஈதாக அமையுமாறு ஈசா நபி இறைஞ்சியதும் ஐந்தாம் சூராவில் உள்ளன (5:112–115). அச்சூராவின் பெயரே அல்மாயிதா. அத்தட்டில் மீனும் ரொட்டியும் இருந்தன என்பர் விரிவுரையாளர் பலர். எச்சரிக்கையைக் கேட்டுச் சீடர்கள் வேண்டுதலை விட்டுவிட்டனர், அது இறங்கவேயில்லை என்பது ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் கருத்து.