வாயிற்காவலனின் உணவும் நலமும்

நெசவாளரின் தறிக்கூடத்திற்கும் உழவரின் களத்துமேட்டிற்கும் இரவெல்லாம் காவல் நிற்பது நாய். கூலி கேளாத அக்காவலனுக்கு நாம் இடுவது பெரும்பாலும் மிஞ்சிய சோறே. நாயின் உணவையும் உடல்நலத்தையும் குறித்துச் சிந்திப்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று நம் அங்கத்தினர் சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. நாயின் நலமும் வீட்டாரின் நலமும் ஒரே நூலில் முறுக்கிய இரு புரிகள்.

திருவண்ணாமலையில் ரமண மகரிஷி தம்மிடம் வந்து சேர்ந்த நாய்களை ‘அது’ என்னாமல் ‘அவன்’, ‘அவள்’ என்றே குறிப்பிடுவார். அன்பர்களின் பந்திக்கு முன்னே அவற்றிற்கு உணவிடச் செய்வார். ஜாக்கி என்னும் நாயின் சமாதியை ரமணாசிரமத்தில் இன்றும் காணலாம்.

அதே ஊரின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பக்தர்கள் இடும் பிஸ்கோத்தையும் பொங்கலையும் உண்டு வாழும் நாய்கள் பல. இடுகின்ற கை அன்புடையதே, பண்டந்தான் பொருந்தாது. சர்க்கரைப் பொங்கலிலுள்ள உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சமைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

அங்ஙனமாயின் நாய்க்கு இயற்கையான உணவு யாது? ஓநாயின் வழிவந்ததாகலின் பச்சை மாமிசமே வேண்டும் என்பர் சிலர். மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பன்மடங்கு மிகுதி என்பதை 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி புலப்படுத்திற்று. உழவனோடு வாழ்ந்து, உழவனின் தானியத்தை உண்ணப் பழகிய பிராணி அது. ஆகவே கேழ்வரகுக் கூழும் குழைந்த சோறும் அதற்கு ஏற்றவையே. ஆனால் அவை மட்டும் போதா. முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த இறைச்சி, முள் எடுத்த மீன், பூசணி முதலியவற்றை உப்பும் காரமும் இன்றிச் சேர்த்தல் வேண்டும். குடிக்கத் தூய நீர் எப்போதும் இருத்தல் அவசியம். வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து குறையாதிருக்கக் கால்நடை வைத்தியரின் யோசனையைப் பெறுக.

நிலக்கடலை பயிரிடும் நம் அங்கத்தினர் ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். பூஞ்சணம் பூத்த கடலையையும் பிண்ணாக்கையும் ‘நாய்க்கு ஆகும்’ என்று எறிதல் தகாது. 1960-இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. அதன் பின்னரே அஃப்லடாக்ஸின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட மக்களில் நூற்றுவருக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தனர். அவ்வீடுகளில் அதே உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் அந்நோய்க்கு இரையாயின. நாய்க்கு ஆகாதது நமக்கும் ஆகாது.

நல்லுணவு பெற்ற நாய்க்கு வெறிநோய் வாராது என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் உண்டு. இது பெரும் ஆபத்தான எண்ணம். எவ்வுணவும், எம்மூலிகையும் அந்நோயைத் தடுக்கமாட்டா. தடுப்பூசி ஒன்றே தடுக்கும். குட்டிக்கு மூன்று மாதம் நிரம்பியதும் முதல் ஊசியும், பின்னர் வைத்தியர் குறிக்கும் காலத்தில் மறு ஊசியும் போடவேண்டும். குட்டிகளைக் கழிச்சலால் மாய்க்கும் பார்வோ நோய்க்கும் தனித் தடுப்பூசி உண்டு. குடற்புழு நீக்கும் மருந்தையும் தவறாமல் கொடுக்க வேண்டும். ஏனெனில் நாயின் உருளைப்புழுவும் கொக்கிப்புழுவும் முற்றத்து மண்ணில் விளையாடும் நம் குழந்தைகளையும் பற்றக்கூடியவை.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவித் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம். பாஸ்டர் 1885-இல் வெறிநாய்க்கடிக்கு ஊசி மருந்து கண்டார். 1907-இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. அதன் பின்னும், நோயின் குறி தோன்றியவரைக் காப்பாற்றும் சிகிச்சை உலகில் உறுதியாக அமையவில்லை. வருமுன் காப்பதே வழி.

தனியொருவர் தம் நாய்க்கு ஊசி போட்டால் அவர் வீடு மட்டுமே காக்கப்படும். தெருவிலுள்ள நாய்கள் அனைத்திற்கும் போட்டால் ஊரே காக்கப்படும். கூட்டுறவின் தத்துவமும் இதுவேயன்றோ! ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, கால்நடை வைத்தியரை அழைத்து, அங்கத்தினர் வீட்டு நாய்களுடன் தெரு நாய்களுக்கும் ஊசி போட ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறோம்.