கிணற்றடியில் கிடைத்த காசு யாருடையது?

புத்தளம் மாவட்டத்தின் கனமூலையில் கிணறு வெட்டும்போதோ இறால் தொட்டிக்கு மண் அள்ளும்போதோ பழைய காசு ஒன்று கண்ணில் பட்டால், நம்மவர்களுக்கு உடனே தோன்றுவது இரண்டு. என் காணியில் கிடைத்தது எனக்குத்தான் சொந்தம் என்பது ஒன்று. இதற்கு இலட்சக்கணக்கில் விலை இருக்கும் என்பது மற்றது. இரண்டுமே பிழை. முதலாவது மறியலில் கொண்டுபோய் விடும். இரண்டாவது கையில் இருக்கிற பணத்தையும் கரைத்துவிடும்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய காசு தொல்பொருள். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. மண்ணுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் நாட்டின் கடல் எல்லைக்குள்ளும் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். காணி உறுதி உங்கள் பெயரில் இருப்பது மட்டும் அதன்மேல் உங்களுக்கு உரிமை தராது. கற்பிட்டியில் அட்டைக்குச் சுழியோடுகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். நம் கரையில் அகப்பட அதிக வாய்ப்புள்ளது ஒல்லாந்தர் கும்பனியின் செப்புக் காசு. கற்பிட்டிக் கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போனதுதானே என்று யாரும் அதை அலட்சியமாக எண்ண வேண்டாம். 1815க்கு முந்தியதென்றால் அதுவும் தொல்பொருளே.

தொல்பொருள் தேடி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது குற்றம். 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கூட்டியிருக்கிறது. மற்ற வழக்குகளைப் போல முதல் தவணையிலேயே பிணையில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு புதையல் காட்டுவதாகச் சொல்லும் ஸ்கேனர் இயந்திரக்காரருக்குப் பின்னால் போகாதீர்கள். தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் புதையல் எடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு என்று சொல்வார்கள். அது இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டக் கணக்கு; இங்கே செல்லாது.

இனி விலைக் கதை. பழங்காசு விற்கிறவர்கள் அண்மைக்காலமாகக் காட்டும் ஆசை, எகிப்தியத் தெய்வம் பொறித்த ரோமக் காசு. தலையில் தானியம் அளக்கும் மரக்கால் வைத்த தாடிக்காரர் செராபிஸ். வாயில் விரல் வைத்த குழந்தை ஹார்ப்போகிரட்டீஸ். மற்றும் ஐசிஸ், நைல் நதித் தேவன். இவை பெரும்பாலும் ரோம ஆட்சிக்கால எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்த காசுகள். எழுத்து கிரேக்கம். ஆங்கில எல் போன்ற ஒரு குறியை அடுத்து, பேரரசர் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பது எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும். முக்கியமான விஷயம், இந்தக் காசு எகிப்துக்குள் மட்டுமே புழங்கியது. எகிப்துக்குள் வந்த வணிகர் வெளிக்காசைக் கொடுத்து இதை மாற்றிக்கொள்ள வேண்டும். கி.பி. 296ஐ ஒட்டி டயோக்கிளீசியன் இதை நிறுத்தும்வரை அதுதான் வழக்கம். ஆகவே "முந்தலில் தோட்டம் கொத்தும்போது வந்த செராபிஸ் காசு" என்று ஒருவர் நீட்டினால், ஒன்று அது வார்த்தெடுத்த போலி. இல்லையென்றால் வெளிநாட்டில் வாங்கியதற்கு உள்ளூர்க் கதை ஒட்டியிருக்கிறார்.

ரோமக் காசே இங்கு வரவில்லை என்பதல்ல. சீகிரியாவிலும் மாந்தையிலும் தெற்கே திஸ்ஸமஹாராமவிலும் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்தவையும் ஏராளம். தேய்ந்த இந்தச் செப்புக்கு உலகச் சந்தையில் ஒரு நல்ல சாப்பாட்டின் விலைகூட வராது. இலட்சம் கேட்கிறவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். காசு அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது என்ற மோசடிக் கதையோடு தொடங்குகிறவரோடு பேச்சே வேண்டாம்.

அப்படியானால் எதற்காக இத்தனை கட்டுப்பாடு? காசின் பெறுமதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ரோம எழுத்தாளர் பிளினி இந்தத் தீவைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். செங்கடல் வரிக் குத்தகைக்காரர் அன்னியஸ் புளோகமஸின் ஆள் ஒருவர் காற்றில் அடிபட்டு 15 நாளில் இந்தத் தீவின் ஒரு துறையில் கரைசேர்ந்தாராம். அந்தத் துறை வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலை என்பது பலர் கருத்து. அவர் வைத்திருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்தும் எடை ஒன்றாக இருப்பதைக் கண்டு அரசன் வியந்தானாம். அதே புளோகமஸின் அடிமை ஒருவர் கி.பி. 6இல் எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாறையில் பொறித்த எழுத்து இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெரெனிக்கே துறைமுகத்தில், செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைத்திருந்த சாடியில் 7.55 கிலோ மிளகு கிடைத்தது. மிளகு எவ்வளவு, சாடி எந்த நாட்டது, எந்தக் கோயில் முற்றம் என்பதெல்லாம் அகழ்ந்தவர்கள் அளந்து எழுதியதால்தான் தெரிகிறது. நம் கரையில் ஒரு காசை இரவோடிரவாகப் பெயர்த்து விற்றால் அது எந்தக் குழியில், எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்பது போய்விடும். பிறகு அதை எந்த அறிஞரிடம் கொடுத்தும் பயனில்லை.

கையில் அகப்பட்டுவிட்டால் என்ன செய்வது? தோண்டுவதை நிறுத்துங்கள். உப்பு, புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் அதுதான் முதல் வேலை, காசில் இருக்கும் எழுத்தும் அதோடு போய்விடும். கிடந்த இடத்தைப் படமெடுங்கள். தாமதிக்காமல் கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ பொலிஸிலோ தொல்பொருள் திணைக்களத்திலோ அறிவியுங்கள். ஒப்படைத்தால் எண்ணிக்கை, எடை, திகதி எழுதிய பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். நாளைக்கு ஒரு காசு குறைந்தால் உங்கள்மேல் பழி வராமல் காப்பது அந்தத் துண்டுதான்.

பொலிஸில் எழுதும் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தால், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். அரசாங்க அலுவல்களைத் தமிழில் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். போலிக் காசைக் காட்டிப் பணம் பறித்தவர்மேல் ஏமாற்றுதல் குற்றத்துக்குப் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். வெட்கத்தில் மூடிவைக்கிறவர்கள்தான் அடுத்த வீட்டுக்காரரையும் மாட்டிவிடுகிறார்கள்.

சேகரிப்பதே குற்றமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. வாப்பா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் காசை வைத்திருக்கலாம். ஆனால் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. கலாசாரச் சொத்துக்களை வாங்கி விற்கும் தொழிலுக்கு 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். மத்திய கிழக்கில் வேலை செய்யும் காக்காமார் எகிப்தியக் காசு வாங்க நினைத்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: எகிப்து 1983ஆம் ஆண்டின் 117ஆம் இலக்கச் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்தையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே சட்டப்படி எகிப்தைவிட்டு வெளியேறியது என்று காட்டும் பழைய ஏல விற்பனைச் சீட்டு இல்லாத காசை வாங்காதீர்கள். இருந்தால் அந்தச் சீட்டைக் காசோடு சேர்த்தே வையுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்டால் காட்ட அது உதவும்.