காத்திருந்த சரக்கும் சுற்றிவரும் சரக்கும்

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்கு, இரும்புலியூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே ஏரியோடு வருகிற ஊர் பீர்க்கன்கரணை. சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகும் லாரிகள் நெடுங்காலமாக இந்த ஊர் வழியே போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில்தான் ஓடின. ஆனாலும் இந்த ஊர்க்காரர் ஒருவர் திருநெல்வேலிக்கு ஒரு மூட்டை அனுப்ப வேண்டுமானால், அதை முதலில் எதிர்த்திசையில் ஜார்ஜ் டவுன் பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. பார்சல் சர்வீஸ்களின் புக்கிங் ஆபீஸ்கள் வால்டாக்ஸ் சாலையிலும் அதன் சுற்றுவட்டத்திலும் இருந்தன. வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. போன மூட்டை, அங்கே லாரி ஏறி, அதே 30 கி.மீ. திரும்பி வந்து, அனுப்பியவரின் வாசல் வழியாகவே தெற்கே போகும்.

இன்றும் அது நேராகப் போவதில்லை. தெருமுனைக் கூரியர் கடையில் கொடுத்த பெட்டியைச் சிறிய வண்டி ஒன்று கிளைக்கு எடுத்துச் செல்கிறது. அங்கிருந்து அது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ செங்குன்றம் பக்கமோ உள்ள பெரிய குடோனுக்குப் போய், ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டு, பிறகுதான் தெற்கே திரும்புகிறது. ஆக, சரக்கு கூடும் மையம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாறியது, அந்த மையம் செலவைக் குறைக்கும் வழி.

அன்றைய வழி காத்திருப்பது. புக்கிங் கிளார்க் எடை போட்டு எல்.ஆர். என்னும் லாரி ரசீது எழுதுவார். வாடகையை அனுப்புகிறவர் கட்டினால் ‘பெய்டு’, வாங்குகிறவர் கட்டினால் ‘டூ பே’. சாக்கின் மேல் மையால் மார்க் போட்டு, ஊருக்கு ஒரு குவியலாகக் குடோனில் அடுக்குவார்கள். அன்றைய இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன். வண்டியின் சொந்த எடை போக, ஒன்பது பத்து டன் சரக்கு ஏற்றலாம். பாதி லோடோடு கிளம்பினால் டீசலும் டிரைவர் படியும் அந்தப் பாதியின் தலையில் விழும். கிலோவுக்கான செலவு இரட்டிப்பாகும். அதனால் லோடு சேரும் வரை வண்டி நிற்கும். மதுரைக்கும் கோவைக்கும் தினமும் லோடு சேரும். சிறிய ஊர்களின் சரக்கு நாள்கணக்கில் கிடக்கும். போன லாரியும் ரிட்டன் லோடுக்காக அந்த ஊரில் நிற்கும். வாடகை மலிவுதான், அந்த மலிவுக்கு ஈடாகச் சரக்கு காத்துக் கிடந்தது.

ரயிலிலும் இதே கதைதான். வட மாநிலங்களிலிருந்து அகலப் பாதையில் வந்த சரக்கு, தெற்கே போக மீட்டர் கேஜ் வண்டிக்கு மாறக் காத்திருக்க வேண்டியிருந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம், திருச்சி வழித்தடம் 1990-களில்தான் அகலப் பாதையாயிற்று. கடற்கரை–தாம்பரம் பாதையில் கடைசி மீட்டர் கேஜ் வண்டி ஓடியது 2004 ஜூலையில். அதற்குள் சில்லறைச் சரக்கு ரயிலை விட்டு லாரிக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இன்றைய வழி சுற்றிப் போவது. அதன் கணக்கு எளிது. முப்பது ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைத்தால் 435 தடங்கள் வேண்டும். நடுவே ஒரு மையத்தை வைத்து எல்லா ஊரையும் அதனோடு இணைத்தால் முப்பது தடங்கள் போதும். 435 தடங்களில் சிதறும் சரக்கு முப்பதில் திரளும்போது, நாள்கணக்கில் சேர்ந்த லோடு மணிக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 1973 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் இதைத்தான் விமானத்தில் செய்து பார்த்தது. 14 சிறு விமானங்கள், 25 நகரங்கள், 186 பொதிகள். பக்கத்து நகரத்துக்குப் போகும் பொதியும் மெம்ஃபிஸுக்கு வந்துதான் திரும்பியது.

நம் ஊரில் இந்தக் கணக்கு பலிக்கச் சாலையும் வரியும் மாற வேண்டியிருந்தது. 2017 ஜூலைக்கு முன், வேறு மாநிலத்தில் விற்கும் சரக்குக்கு மத்திய விற்பனை வரி உண்டு. சொந்தக் கிடங்குக்கு மாற்றினால் அந்த வரி இல்லை. 2 சதவீத வரியைத் தவிர்க்க, நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்தன. கிடங்கின் இடத்தை முடிவு செய்தது தூரமல்ல, மாநில எல்லை. சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அந்தக் காரணம் மறைந்தது. எல்லையில் இருந்த வரிச் சோதனைச் சாவடிகளும் மூடப்பட்டன. பல சிறிய குடோன்கள் இருந்த இடத்தில் சில பெரிய குடோன்கள் எழுந்தன. 2018-இல் அச்சு எடை வரம்பும் உயர்ந்தது. மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 டன்னாயிற்று.

சாலை மாற்றத்தைப் பீர்க்கன்கரணை கண்ணெதிரே பார்த்தது. புழல் வரை சுமார் 32 கி.மீ. போகும் பைபாஸ் ஊரின் பக்கத்திலேயே தொடங்குகிறது. சற்றுத் தெற்கே வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. வெளிவட்டச் சாலை. பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை இருந்ததால், அன்று நகருக்குள் நுழைய இரவுக்காகக் காத்திருந்த லாரி, இன்று நகரைத் தொடாமலேயே சுற்றிப் போகிறது.

வரவு பெரிது. மாவு மில் வைத்திருப்பவரும் வீட்டில் ஊறுகாய் போடுபவரும் இரண்டு கிலோவைக்கூட எந்த ஊருக்கும் அனுப்ப முடிகிறது. போய்ச் சேரும் நாளும் முன்கூட்டியே தெரிகிறது. 2005-இல் வந்த டாட்டா ஏஸ், மக்கள் வாயில் குட்டி யானை, பெரிய லாரி நுழையாத தெருவுக்கும் சரக்கைக் கொண்டுவந்தது. அந்தத் தெரு வரை கொண்டுவர அன்று மீன்பாடி வண்டிக்குத் தனி வாடகை பேச வேண்டியிருந்தது.

செலவும் உண்டு. அன்று மூட்டை லாரியில் ஏறுவது ஒருமுறை, இறங்குவது ஒருமுறை. இன்று கிளை, மையம், மறு மையம், மறு கிளை என்று ஒவ்வோர் இடத்திலும் இறங்கி ஏறுகிறது. சாக்கும் கயிறும் அதைத் தாங்காது. அட்டைப் பெட்டி, காற்றுக் குமிழ் உறை, டேப் எல்லாம் அனுப்புகிறவர் செலவு. அன்று தராசு சொன்னதே எடை. இன்று நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுக்கும் பருமன் எடையும் கூரியர்களில் பரவலாகிவிட்டது. 50, 40, 40 செ.மீ. பெட்டியில் பஞ்சுத் தலையணை இருந்தாலும் 16 கிலோ கணக்கு. எல்.ஆர். தொலைந்தாலும் முகம் தெரிந்து சரக்கைக் கொடுத்த கிளார்க் இடத்தில் பார்கோடு இருக்கிறது. சரக்கு வழி தவறுவது குறைவு. வழி தவறினால் கேட்க ஆளில்லை. கொக்கியோடு மூட்டை தூக்கிய லோடுமேன் செய்த வேலையில் பாதியைக் கன்வேயர் பெல்ட் செய்கிறது.

நாட்டின் கணக்கிலும் அன்று ஒரு எண், இன்று ஒரு எண். 2022 செப்டம்பரில் தேசிய தளவாடக் கொள்கை வந்தபோது, தளவாடச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13, 14 சதவீதம் என்றார்கள். அடுத்த ஆண்டே வெளியான தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவின் மதிப்பீடு, 2021-22-க்கு 7.8 முதல் 8.9 சதவீதம் வரை என்றது. செலவு ஓராண்டில் பாதியாகவில்லை. எண்ணும் முறை மாறியது. எண்ணப்படாதவையும் இருக்கின்றன. பெரிய குடோன் வாசலில் இறக்குவதற்கு முறை வரும்வரை டிரைவர் காத்திருக்கும் பொழுது அவற்றில் ஒன்று. சரக்கு காத்திருப்பதை நிறுத்தியது, ஆள் நிறுத்தவில்லை.

ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க மாதவரத்தில் லாரி முனையம் கட்டினார்கள். இப்போது திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில் பல்வகைத் தளவாடப் பூங்கா. அடிக்கல் நாட்டியது 2022 மே மாதம். மலிவான நிலம் இருக்கும் இடத்தில்தான் மையம் மலிவு. நகரம் வளர, மையம் வெளியே நகர்கிறது. பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மப்பேட்டைச் சுற்றியும் வீடுகள் எழும் நாளில் அடுத்த மையம் இன்னும் தள்ளிப் போகும். அந்தக் கூடுதல் தூரத்துக்கான டீசலும், கிலோ கணக்கில் பகிரப்பட்டு, பீர்க்கன்கரணைக்காரர் கட்டும் வாடகையில்தான் சேரும்.