புத்ராஜெயாவுக்கு முன்பு ஒரு தோட்டம்

செமஸ்டர் விடுமுறையில் கேமரன் மலையிலிருந்து புத்ராஜெயா சென்றோம். பிரதமர் அலுவலகமான பெர்டானா புத்ராவின் பச்சைக் குவிமாடம், நீதி மாளிகை, ஏரிப் பாலங்கள் என எல்லாமே பிரமிப்பு!

அரசாங்க நிர்வாகம் 1999-ஆம் ஆண்டு இங்கு மாறியது. அதற்கு முன்பு இது தோட்ட மண். அவற்றுள் ஒன்றான பிராங் பெசார், முதல் உலகப் போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய ரப்பர் தோட்டம். இங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பக்கத்து டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தன. தரைவீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடின.

தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்த எனக்கு இது புரியும். வேலையோடு வரும் வீடு, வேலையோடு போய்விடும்.

மாணவ நண்பர்களே, புத்ராஜெயா சென்றால் படம் எடுங்கள். அந்த மண்ணில் வாழ்ந்தவர்களைப் பற்றியும் தேடிப் படியுங்கள்.